சாப்பாட்டு அறைச் சுவரில் முந்தி

மகன் வெளிநாட்டில் மணந்த பெண்ணின் பெற்றோர் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்க வருகிறார்கள் என்றதும் என் கண் சாப்பாட்டு அறை மேல்தான் போனது. செவிலிமேட்டில் நாங்கள் கட்டிய வீட்டில் அதுதான் அழுது வடியும் அறை. பென்ஷனில் பெரிதாக என்ன செய்ய முடியும்? பழைய மேசையைத் தேய்த்து நானே வார்னிஷ் அடித்தேன். மூங்கில் கூடையைக் கவிழ்த்து விளக்குக்கு மூடியாக்கினேன். ஒரு சுவருக்கு மட்டும் கரும்பச்சை பூசினேன். மகன் போனில் அனுப்பிய வெளிநாட்டு வீட்டுப் படங்களில் அப்படித்தான் இருந்தது. ஒரு படத்தில், சுவரில் பழைய துணியைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

மனைவி கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில், அவளுடைய முகூர்த்தப் புடவையை எடுத்து முந்தியை வெட்டினேன்.

கணவனுக்கு முன் மனைவி போனால், முகூர்த்தப் புடவையைக் கட்டி அனுப்புவது எங்கள் வழக்கம். அதற்காகவே அவள் வருஷா வருஷம் அதை நிழலில் உலர்த்தி, மடிப்பு மாற்றி வைப்பாள்.

என் அப்பா தறிக்காரர். நான் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவன். முந்திக்குப் பாவு, அதாவது நீளவாக்கு இழை, வேறு நிறம். அதைப் புடவை உடலின் பாவோடு இழை இழையாகப் பிணைத்து நெய்வார்கள் என்பது தெரியும். பிணைத்த இடத்திலேயே வெட்டினால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு நாளும் தறியில் உட்காராதவன்தான் அப்படி நினைப்பான்.

திரும்பி வந்தவள் சுவரைப் பார்த்தாள். கையிலிருந்த குங்குமப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

"இன்னாங்க இது?"

"முந்தி மட்டும்தான்மா. திரும்ப சேர்த்துடலாம்."

"எதுக்கு வெச்சிக்கினு இருக்கேன்னு சொல்லியிருந்தேனே?"

"மறந்துட்டேன்."

மறக்கவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். கத்தரிக்கோலை எடுத்தபோது அவள் சொன்னது நினைவில் இருந்தது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விருந்தாளிகள் மகனோடு வந்தார்கள். சம்பந்தியம்மா முந்தியை வெகுநேரம் பார்த்து ஏதோ கேட்டார். "இவ்வளவு அழகானதை வெட்ட மனசு வந்துச்சான்னு கேக்குறாங்கம்மா" என்றான் மகன்.

"அவருக்கு ஆசையா இருந்துச்சுன்னு சொல்லுப்பா" என்று மனைவி சிரித்தாள்.

அவர்கள் கிளம்பியதும் சட்டத்தைக் கழற்றி, இரண்டு துண்டுகளையும் தெருக்கோடி நெசவாளரிடம் எடுத்துப் போனேன். புரட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், தறிக்காரர் புள்ள பண்ற வேலையா இது? தறியில இருக்கும்போது பிணைக்கிறதுதான். இப்போ ஊசி நூலுதான், போங்க."

ஊசி நூலால் நானே தைத்தேன். கண் சரியில்லை, நான்கு நாள் ஆயிற்று. கோணலாக, தழும்பு மாதிரி ஒரு தையல். நேற்று மதியம் அந்த மேசையில் சாப்பிடும்போது அவளிடம் காட்டினேன். விரலால் ஒருமுறை தடவினாள். முந்தியைத் தன் தோளில் போட்டுப் பார்த்தாள். தையல் சரியாக நெஞ்சுக்கு மேல் வந்தது.

"நல்லாத் தெரியுதுமா" என்றேன்.

"மேல மாலை போடுவாங்க இல்ல, மறைஞ்சிடும்" என்றாள். "ரசம் ஊத்தட்டுமா?"