கீழக்கரையில் இரண்டு நாள், இரண்டு வாசல்

சனிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு மாட்டுத்தாவணியில், ராமநாதபுரம் பேருந்துகள் நிற்கும் இடத்தில், என் மனைவி வருவதற்காகக் காத்திருந்தேன். ஒரே வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இருக்காது. ஜமீலா ஐந்து மாதமாக விளாங்குடியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நான் நெல்பேட்டையில், அம்மா, இரண்டு தம்பிகள், அவர்கள் குடும்பம் என்று பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக இருக்கிறேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பிள்ளை இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஜமாத் அலுவலகத்துக்கு இருவரும் போக வேண்டும். சேர்ந்து வாழ்வதா, பிரிந்துகொள்வதா என்று அங்கே சொல்லியாக வேண்டும்.

அதற்குள் இரண்டே நாள் என்னோடு கடற்கரைக்கு வா என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருந்தேன். ஏன் கடற்கரை என்றால், கல்யாணமான புதிதில் அவள் கேட்ட ஒரே இடம் அதுதான். நான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே பதினாறு வருஷத்தை ஓட்டிவிட்டேன். இந்த முறை அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நம்மளத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்கூட அங்க இருக்கக் கூடாது. நீங்களும் நானும் மட்டும். அம்புட்டுத்தான்."

அவள் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். என்மேல் கோபம் இருந்தும் டீ வாங்கிக் கொடுத்தார். "திங்கக்கிழம பத்து மணி மாப்ள, மறந்துறாதீக" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஆறரைக்குப் பேருந்து புறப்பட்டது. இருவருக்கும் சேர்த்து நூற்று எண்பது ரூபாய். ராமநாதபுரம் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், அங்கிருந்து கீழக்கரை பதினேழு. சிலைமான் தாண்டியதும் ஜமீலா பையைத் திறந்து ஓர் உடையைக் காட்டினாள். கரும்பச்சை நிறம், முழங்கை தாண்டிய கை, கணுக்கால் வரை நீளம். தண்ணீரில் நனைந்தாலும் உடம்போடு ஒட்டாத துணியாகப் பார்த்து அவளே தைத்திருந்தாள். கடலில் இறங்குவதற்கென்று. பட்டன் வாங்க, நான் நடத்தும் தையல் சாமான் கடைக்கே வந்திருந்தாள், ஐந்து மாதத்தில் முதல் தடவையாக. அந்த எட்டுப் பட்டனை எடுத்துக் கொடுத்த கையோடு நான் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பத் தொடங்கிவிட்டேன்.

இந்தப் பயணத்தை நான் எப்படித் திட்டமிட்டேன் என்று வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. நம்மவர்கள் ஜோடியாகக் கடற்கரைக்குப் போவதென்றால் சும்மா பையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. பில் புத்தகத்தின் பின்னால் ஒரு பட்டியல் போட்டேன். ஹலால் கறி, கட்டடத்தில் பார் கூடாது, குளியலறையில் நல்ல தண்ணீர் வசதி, தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரிந்த ஆள், பாங்கு கேட்கும் தூரத்தில் பள்ளிவாசல், பெண் தண்ணீரில் இறங்கினால் வெறித்துப் பார்க்காத கூட்டம், பத்திரமான ஊர். ஆக ஏழு. பிறகு ஒரு வாரம் போனும் கையுமாக அலைந்தேன்.

ஒரு விடுதிக்காரர், "ஹலாலா? அது ஏசி ரூமா சார், நான்-ஏசியா?" என்று கேட்டார். இன்னொருவர், கடலைப் பார்த்தபடி அமர்ந்து குடிக்க அருமையான பார் இருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். மண்டபம் என்ற ஊருக்கு அந்தப்பக்கம், மீனவக் குடும்பம் ஒன்று வீட்டு மாடி அறையை வாடகைக்கு விடுகிறது. அந்த அம்மா போனில், "கறியெல்லாம் செய்ய மாட்டேண்ணே. பிடிச்சிட்டு வந்த மீனு மட்டுந்தான். வாசல்ல எறங்குனா கடலு, வேற ஒரு ஈ காக்கா வராது" என்றார். கிறிஸ்தவக் குடும்பம். பாத்திரம் எப்படியோ என்று தயங்கி, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

இதைப் பரமக்குடி வரும்போது ஜமீலாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"மீனுக்கு எதுக்குங்க ஹலால் பாக்குறீங்க? அத யாரு அறுக்கப் போறா?"

நாற்பத்தைந்து வயதில், ஓதிப் படித்த ஒருவனுக்கு மீன் ஞாபகம் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? உண்மையில் நான் பயந்தது பாத்திரத்துக்கு அல்ல. அங்கே போய்த் தங்கினானாமே என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றுதான்.

"சரி, இப்ப எங்க தங்குறோம்?" என்றாள்.

"கீழக்கரைல. நம்ம கடைல சரக்கெடுக்குற காசிம் காக்கா ரூமு பாத்து வச்சிருக்காரு. ஊரே நம்ம ஆளுக, சாப்பாட்டுக்குப் பிரச்சினையே இல்ல."

"தெரிஞ்ச ஆளா?"

"கடையத் தெரியும். ஒன்னையத் தெரியாதுல்ல."

அவள் பையை மூடினாள்.

ஒன்பதேகாலுக்கு ராமநாதபுரம். டவுன் பஸ் மாறி, பத்து மணிக்குக் கீழக்கரையில் இறங்கினோம். காசிம் காக்கா காரோடு நின்றுகொண்டிருந்தார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், ஆண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் அப்படித்தான். எந்த லாட்ஜ் என்று கேட்டேன். அவருக்கு முகமே சுருங்கிவிட்டது.

"லாட்ஜா? எங்க வீடு என்ன இடிஞ்சா கெடக்கு? நீங்க லாட்ஜுல தங்குனா ஊர்ல என்னைய மதிப்பாங்களா காக்கா?"

ஜமீலா என்னையே பார்த்தாள். வேண்டாம் காக்கா, நாங்கள் தனியாக இருக்க வந்திருக்கிறோம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். "ஒங்களுக்கு எதுக்குச் செரமம்" என்றேன் நான். நம் பக்கத்தில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். பைகள் காரில் ஏறின.

பெரிய வீடு. முன்வாசல் ஆண்களுக்கு. பக்கத்துச் சந்து வழியாகப் போனால் பெண்கள் புழங்கும் பின்வாசல். ஜமீலாவின் பை பின்வாசலுக்குப் போனது. அவளும் அதன் பின்னாலேயே போனாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்த்தது மறுநாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு.

உபசரிப்பில் குறையே சொல்ல முடியாது. பகலில் நெய்ச்சோறும் கறியும், கூடவே பொரித்த மீன். நாலு மணிக்குத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய தொதல். பள்ளிவாசல் நூறு அடியில். கிப்லாவைச் சுவரிலேயே குறித்து வைத்திருந்தார்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஏழும் சரியாக இருந்தன. ஜமீலா போட்ட நிபந்தனை மட்டும் அதில் இல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்தது.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஆண்கள் ஆறு பேர் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். அந்தப் பக்கக் கடலில் அலை பெரிதாக இல்லை. கரையோரம் படகுகள், தூரத்தில் ஒரு கோடு போலத் தீவு. பெண்கள் நனைந்து விளையாட இதைவிடத் தோதான தண்ணீர் கிடைக்காது. இது தெரிந்ததும் இன்னும் வேதனையாக இருந்தது. சற்றுத் தள்ளிப் போய் அவளுக்குப் போன் செய்தேன்.

"கடல்கிட்ட நிக்கிறேன்."

"யாரோட?"

"இவங்களோடதான்... ஆம்பளைங்களோட."

பின்னால் பாத்திரச் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன. "நல்லாப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வரும்போது துணிந்து கேட்டுவிட்டேன். "காக்கா, நானும் வீட்டுக்காரியும் கடலு வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றோம்."

"நீங்க ரெண்டு பேரும் எதுக்குத் தனியாப் போகணும்? பொம்பளைகளுக்கு வேன் சொல்லியிருக்கேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாருமாப் போகட்டும்."

"மூணு மணிக்கு நாங்க கெளம்பணுமே."

"அட, இன்னைக்கும் தங்கிட்டு நாளைக்குப் போங்க. நாளைக்கு என்ன தலைபோற வேல?"

நாளைக்கு எங்கள் குடும்பமே பிரிந்துவிடலாம் காக்கா, அதுதான் வேலை. இதை எப்படி அவர் வீட்டு வாசலில் நின்று சொல்வது? கடையைத் திறக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு என் முதுகில் தட்டினார். விருந்துக்கு இன்னும் இருபது பேரை அழைத்திருந்தார். பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு என்ன சாப்பிட்டேன் என்றே நினைவில்லை.

மூன்று மணிக்குப் பேருந்து. ஜமீலா மடியில் இரண்டு கிலோ தொதல் டப்பா. ராமநாதபுரத்தில் பேருந்து மாறினோம். சத்திரக்குடி தாண்டியதும் தானாகவே ஆரம்பித்தாள்.

"எல்லாரும் தங்கமான மனுசங்க. எத்தன பிள்ளைன்னு பதினாலு பேரு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னேன். பதினாலு தடவையும்." டப்பா மூடியை அழுத்தி மூடிக்கொண்டே, "மாடியில கடல் வாசம் நல்லா வந்துச்சு" என்றாள்.

அடுத்த வாரமே மண்டபத்துக்குப் போவோம், அந்தம்மாவிடம் இப்போதே பேசுகிறேன் என்று போனை எடுத்தேன். அவள் என் கையை மெல்லக் கீழே அழுத்தினாள்.

"காசிம் காக்காவுக்கு ஒங்களால வேணாம்னு சொல்ல முடியல. ஒங்கம்மாவுக்கு முடியல, தம்பிகளுக்கு முடியல. ஊருல அம்புட்டுப் பேருக்கும் சரி சரின்னு சொல்லிட்டு, என்னைய மட்டும் பொறுத்துக்கம்பீங்க. இன்னும் எம்புட்டு நாளைக்கி?"

வெளியே கருவேலங்காடும் காய்ந்த கண்மாய்களும் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர் கூட்டிப் போய், நான் அவளை மறுபடியும் நெல்பேட்டை வீட்டிலேயே விட்டிருக்கிறேன். அதே கூட்டம், அதே அடுப்படி, நான் முன்பக்கம், அவள் பின்பக்கம். நடுவில் சுவர் மட்டும் வேறு.

மாட்டுத்தாவணியில் இறங்கும்போது மாலை ஆறரை. விளாங்குடிக்குப் போக ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். பை கனமாக இருக்கும் என்று தூக்கப் போனேன்.

"கனமெல்லாம் இல்ல. நனையவே இல்லையே" என்றாள். "தொவைக்கிற வேல மிச்சம்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜமாத் அலுவலகத்தில் இருந்தோம். செயலாளர் பெரியவர், இளகிய மனசுக்காரர். நாங்கள் சேர்ந்து போய் வந்தது அவர் காதுக்கு எட்டியிருந்தது. நல்ல செய்திதான் சொல்லப் போகிறோம் என்ற நம்பிக்கையில் முகமெல்லாம் மலர்ந்திருந்தார்.

"கடலுக்குப் போய்ட்டு வந்தீகளாமே, எப்பிடி இருந்துச்சு?" என்று ஜமீலாவைக் கேட்டார்.

"அவருகிட்டக் கேளுங்க அத்தா" என்றாள் அவள். "கடலப் பாத்தது அவருதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். அந்த நேரத்திலும் கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. அலை அவ்வளவாக இல்லை, குளம் மாதிரி இருந்தது, பெண்கள் இறங்கத் தோதான இடம் என்று சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிரிவைப் பதிகிற பதிவேட்டை எடுத்து, கையெழுத்துக்காக முதலில் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.