9,999 விளையாட்டுகள்

வேலப்பன்சாவடியில், நெடுஞ்சாலையோரம் வீடியோ கேம் வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம். எதையும் தொட்டு விளையாடலாமாம். ஒரு மஞ்சள் கேசட்டை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணி விரித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள், ஏதோ செப்பேடு கிடைத்த மாதிரி. கீழே பலகை: 'இதில் 9,999 விளையாட்டுகள் உள்ளன.'

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கேசட் வீட்டில் இருந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், அதில் இருப்பது எட்டே விளையாட்டு. ஒன்பதாவதைப் போட்டால் முதலாவதே வேறு பெயரில் வரும்.

பக்கத்தில் நிற்கும் காவலாளியிடம் சொல்கிறேன். என் வயதுதான் இருக்கும், மேனாம்பேட்டுக்காரர். சிரிக்கிறார்.

"எங்க ஊட்லயும் இதான் சார் இருந்துச்சி. நானும் ஆபீஸ்ல சொல்லிப் பாத்தேன். 'கேசட்டு மேலயே போட்டுகீது, உனக்கு இன்னா தெரியும்'னு கேக்குறாங்க."

"இதுக்குப் பேரு வரலாறா?"

"மாடியும் பாத்துட்டு வா சார். மொத்தம் எட்டு ஹாலுன்னு டிக்கெட்லயே போட்டுகீது."

ஏறிப் போகிறேன். ஐந்தாவது ஹாலில், கீழே முதல் ஹாலில் ஓட்டிய அதே கார் பந்தயம், அதே கிழிந்த இருக்கை. சுவருக்கு மட்டும் பச்சை பெயிண்ட். வாசலில் வேறு பெயர்.