தட்டில் வந்த பதில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, விநாயகர் சதுர்த்திக்கு இரண்டு மாதம் இருக்கும்போது. புனேயில் அந்த நாட்களில் சாயங்காலமானால் ஆற்றங்கரை முழுக்க, இடுப்பில் கட்டி அடிக்கும் டோல் மேளச் சத்தம்தான். ஊர்வலத்தில் வாசிப்பதற்காகக் குழு குழுவாகப் பயிற்சி செய்வார்கள். சாங்வியில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் குழுவில் நானும் ஒருத்தி. கோயம்புத்தூரிலிருந்து ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இடுப்பு போகிறதே என்று அதில் சேர்ந்தேன். டோலைக் கட்டியதும் மிச்சமிருந்த இடுப்பும் போனது. "டமாரம் அடிக்கறதுக்கா கண்ணு அத்தன தூரம் போன?" என்று அம்மா போனில் இன்றைக்கும் கேட்பார்.

எங்கள் குழுவில் தாஷா வாசித்தவள் ஓர் ஆப்கானிஸ்தான் பெண். இங்கே படிக்க வந்தவள். தாஷா என்பது கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு மெல்லிய குச்சிகளால் அடிக்கும் சின்ன மேளம். டோல்கள் ஒரு நொடி நிற்கும்போது தாஷா மட்டும் தனியாகப் படபடவென்று பேசும். அவளும் அப்படித்தான், சரியான வாயாடி. நான் தாளம் தப்பினால் வாசித்துக்கொண்டே நாக்கைத் துருத்திக் காட்டுவாள்.

படிப்பு முடிவதற்குள் அவள் நாட்டில் ஆட்சி மாறிவிட்டது. திரும்பிப் போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அடைக்கலம் கேட்டு மனு போட்டிருந்தாள். அதற்குப் பதில் வருவதற்குள் விசா முடிந்துவிட்டது. விசாரணை என்று கூப்பிட்டார்கள். போனவள் திரும்பி வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பெண்கள் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். எப்போது விடுவீர்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. குற்றம் செய்தவனைக்கூட இத்தனை வருடம் என்று சொல்லித்தானே உள்ளே போடுகிறார்கள்? இவளுக்கு அதுவும் கிடையாது.

குழுவில் ஒரு வக்கீல் அக்கா உண்டு. அவர் நீதிமன்றத்தில் மனு போட்டார். நாங்கள் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினோம். "வெளிநாட்டுக்காரி சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அவளைப் பார்க்கவும் விடவில்லை. ரத்த சொந்தம்தான் பார்க்கலாமாம். அவளுடைய ரத்த சொந்தமெல்லாம் காபூலில்.

பார்க்க முடியாவிட்டால் என்ன, கேட்க வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். காப்பகத்துக்கு எதிரே ஒரு காலி மைதானம். கோஷம் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு அங்கே பயிற்சி செய்ய அனுமதி வாங்கினோம். முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து அவள் பெயரை ஒரே ஒரு முறை உரக்கக் கூப்பிட்டுவிட்டு வாசிக்க ஆரம்பித்தோம். தாஷாவுக்கான இடம் வந்ததும் டோலை நிறுத்தினோம். அந்த இடத்தை அவளுக்காகவே காலியாக விட்டிருந்தோம்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டில் கரண்டியால் அடிக்கும் சத்தம் வந்தது. டக்கு டக்கு டகடகவென்று அவளுடைய அதே வேகம். ஐயோ, நாங்கள் குதித்த குதி! பிழைத்துக்கொண்டாள் என்று கட்டிப்பிடித்து அழுதோம்.

அடுத்த ஞாயிறும் போனோம். தட்டு பதில் சொன்னது. ஆனால் அந்த வேகம் இல்லை. தடுமாறித் தடுமாறி, நிதானமாக மூன்று நான்கு அடிதான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. வாடிப்போய்விட்டாள், கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை போலிருக்கிறது என்று வக்கீல் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் இன்னும் ஓங்கி அடித்தோம்.

இன்னொரு ஞாயிறு, வாசிப்புக்கு நடுவே இடைவேளையில் அம்மாவின் போன் வந்தது. பேசிக்கொண்டே காப்பகத்து வாசல் பக்கம் போய்விட்டேன். காவலுக்கு இருந்த பெண் போலீஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் இந்தியில் கேட்டார், "நீ பேசினது தமிழா? உள்ளே ஒரு பொண்ணு பேசறது எங்க யாருக்கும் புரியல. கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"

சந்தர்ப்பத்தை விடுவேனா? முதலில் எங்கள் தோழி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அவளா? நீங்க முதல்ல வந்து வாசிச்ச அந்த வாரமே அவளை டெல்லிக்குக் கொண்டுபோயிட்டாங்களே!"

அப்படியானால் அதற்கப்புறம் இத்தனை நாளும் தட்டு அடித்தது யார் என்றேன். "அதான் சொல்றேனே, அந்தத் தமிழ்ப் பொண்ணுதான்" என்று சொல்லி உள்ளே போய் அவளை அழைத்து வந்தார்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், சாயம் போன நைட்டியில் ஒல்லியாக ஒரு பெண். கையில் தட்டு. இலங்கையிலிருந்து தப்பி வந்தவள். ஏஜென்ட்டை நம்பிப் பொய் பாஸ்போர்ட்டில் கனடாவுக்குக் கிளம்பிப் பிடிபட்டவள். தண்டனைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஊருக்குப் போகப் பயம், வேறெங்கும் போக வழியில்லை, அதனால் இங்கேயே இருக்கிறாள். இத்தனை காலத்தில் அவளைத் தேடி ஒருத்தரும் வந்ததில்லை.

"நீங்கள் தமிழோ அக்கா?" என்றவள் உடனே தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் தட்டினனான். எங்கே தட்ட வேணும் எண்டு அந்தப் பிள்ளைதான் காட்டித் தந்தவ. அவ போன பிறகு பதில் வராட்டி நீங்கள் வராம விட்டிடுவியள் எண்டு பயந்திட்டன். கோவிக்காதேங்கோ அக்கா."

கோபமா? கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன். அவளோ, இன்னொருத்திக்கு வந்த அழைப்புக்குப் பதில் சொன்னதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தோழியை டெல்லியில் கண்டுபிடித்துவிட்டோம். அவளும் இன்னும் உள்ளேதான். வக்கீல் அக்கா இவளுக்கும் ஒரு மனு போட்டார். வாய்தாமேல் வாய்தா. சதுர்த்தி முடிந்ததும் குழுவில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். அவரவர்க்கு ஆயிரம் வேலை. மிச்சமிருக்கிற நாங்கள் ஞாயிறுதோறும் போகிறோம். இப்போது இரண்டு பெயர்களைக் கூப்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம்.

தாளத்தில் அந்தக் காலி இடம் வரும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். தட்டுச் சத்தம் கேட்டதும், அப்பாடா, இருக்கிறாள் என்ற நிம்மதியும், ஐயோ, இன்னும் இங்கேயேதான் இருக்கிறாள் என்ற வேதனையும் ஒன்றாகவே வருகின்றன.