பெரிய விரால்

டீச்சருக்குப் பெரிய விரால் தர மாட்டேன் என்று சொன்னேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விரால் விற்கிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான வாடிக்கைக்குப் பெரியதை எடுத்து வைப்போம். சிறியதைக் கொடுத்தால் மரியாதைக் குறைச்சல். ராஜா அண்ணாமலைபுரத்தில் என் கடையில் பெரியது எப்போதும் டீச்சருக்குத்தான். அவர் மகள் மாசமாக இருந்தாள். உடம்புக்குப் பலம் என்று வாராவாரம் வாங்குவார்.

ஆதம்பாக்கம் தாண்டி ஒரு ஏரி. நானும் கடையில் என் பங்காளி தாசும் அதில் கூட்டாக வலை போடுவோம். பக்கத்துக் கம்பெனியின் கழிவுத் தண்ணீரும் அதில்தான் விழும். சோதனைக்கு மீன் எடுத்துப் போன மீன்வளத் துறை மேடம் ஒருநாள் திரும்பி வந்தார்.

“பாதரசம் இருக்குப்பா. பெரிய விரால்லதான் ஜாஸ்தி.”

“உப்பு போட்டு ஒரசிக் கழுவுனா போவாதா மேடம்?”

“கழுவினாலும் போகாது, வேகவெச்சாலும் போகாது. சின்ன மீன் உடம்புல கொஞ்சம் தங்கும். விரால் அதுங்களைத் தின்னே வளருது. அத்தனையும் அதோட சதையில சேரும். மாசமா இருக்கிறவங்க தொடவே கூடாது.”

“ஏரிக்கரைல எச்சரிக்கை போர்டு வெப்பீங்களா?”

“ரிப்போர்ட்டை மேல அனுப்பிட்டேன்.”

போர்டு வரவில்லை.

“கம்முனு இரு நைனா. வெறும் கெண்டைய வித்துக்கினு இருந்தா வூட்ல அடுப்பு எரியுமா?” என்றான் தாசு. மீனில் பாதி அவனுடையது. பெரிய விராலை டப்பில் விட்டு முன்னால் வைத்தான்.

டீச்சர் வந்தார்.

“இது வேணாம் டீச்சர். ஏரில பாதரசம் கீதாம். பொண்ணுக்குக் கடல் மீனு, சின்னதா பாத்து வாங்கிக் குடுங்க.”

“இத்தனை நாள் இல்லாத பாதரசமா? யாருக்கு எடுத்து வெச்சிருக்கே, அதைச் சொல்லு.”

“யாருக்கும் இல்ல டீச்சர்.”

“அப்போ எதுக்கு டப்புல நீந்துது?”



“நைனாவுக்கு இன்னா தெரியும், நீங்க எடுத்துக்கோங்க டீச்சர்,” என்று தாசு விராலைப் பிடித்தான். சாம்பல் தேய்த்து, செதில் எடுத்து, அவனே வெட்டிக் கொடுத்தான்.

டீச்சர் என்னைப் பார்க்காமல் போனார்.

வலையையும் கடையையும் தாசுவிடமே விட்டுவிட்டேன். இப்போது மயிலாப்பூரில் வேறொருவர் கடையில் கடல் மீன் வெட்டுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மீனை எதிரில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேறு யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். முதலில் மீனைத் தூக்கிக் கொட்டிவிட வேண்டும். பேச்சு அப்புறம்.

கம்பெனித் தண்ணீர் இன்னும் விழுகிறது. டீச்சர் இப்போது தாசுவிடம் வாங்குகிறார். பெரியதாகப் பார்த்து எடுத்து வைக்கிறானாம். மரியாதை தெரிந்த பையன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.