படையை நிறுத்திய கார்டு கனகசபை

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் பாதையில் ரயிலை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். வேற்றுக் கிரகத்துப் படை ஒன்றை நட்ட நடு ஓட்டத்தில் நிறுத்தியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த கார்டு கனகசபை. இந்தக் கதையை அவர் பதினெட்டு வருஷமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

ஆள் பொய் சொல்கிற ரகமில்லை. ரயில் மூன்று நிமிஷம் தாமதமென்றால் குறிப்பேட்டில் மூன்று என்றே எழுதுவார். டிரைவர் கெஞ்சினாலும் இரண்டாக்க மாட்டார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பனும் ரயில்வே, மாமனாரும் ரயில்வே. அந்தச் சனத்தில் பிள்ளை டாக்டராகலாம், வக்கீலாகலாம், ஒன்றும் வாய்க்காவிட்டால் அரசாங்கத்தில் கிளார்க்காகலாம். முகமூடி மாட்டிக்கொண்டு சினிமாவில் ஆடலாம் என்று எந்தத் தகப்பனும் சொல்லி வளர்த்ததில்லை.

ஆனால் கனகசபைக்கு ஒரு பலவீனம் இருந்தது. காலை வண்டியில் கிள்ளானுக்குப் போனால் திரும்பும் வண்டிக்கு மூன்று மணி நேரம் இருக்கும். மற்றக் கார்டுகள் ஓய்வறையில் குறட்டை விடுவார்கள். இவர் யூனிபார்ம் சட்டையை மாற்றிக்கொண்டு மேட்னி ஷோவுக்கு நடப்பார். அதுவும் என்ன படம்? விண்வெளிப் படம். மலிவிலும் மலிவான படம். ராக்கெட்டின் வாலில் தீபாவளி மத்தாப்புப் புகையும். ராட்சதப் பல்லியின் முதுகில் ஜிப் தெரியும். கிரகம் சுற்றும்போது அதைக் கட்டித் தொங்கவிட்ட நூல் பளிச்சென்று மின்னும். கொட்டகையே சிரிக்கும், கனகசபை சிரிக்க மாட்டார். தேர் இழுக்கும்போது வடம் தெரியத்தானே செய்கிறது, அதற்காக உள்ளே சாமி இல்லை என்றாகிவிடுமா என்று கேட்பார். காசைக் கொட்டி எடுத்த படத்தில் எல்லாவற்றையும் அவனே காட்டிவிடுகிறான், பார்க்கிறவனுக்கு வேலையே இல்லை. இதிலோ பாதிக் கிரகத்தை நாம்தான் கட்டவேண்டும் என்பார். அந்தப் பாதியைக் கட்டுவதில் அவருக்கு அலாதி சந்தோஷம்.

எழுபத்தைந்தாம் வருஷம் ஹாங்காங்கிலிருந்து ஒரு சின்னக் கம்பெனி படம் எடுக்க வந்தது. செலாயாங் பக்கத்தில் ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட சுரங்கம், ஊர்ப் பேச்சில் லம்பம், ஒன்று கிடந்தது. வெள்ளை மணல் குன்று, புல் முளைக்காத மேடு, பச்சைத் தண்ணீர்க் குட்டை. சும்மா கிடைத்த கிரகம். வெயிலில் ரப்பர் உடுப்புப் போட்டுக்கொண்டு ஓட இருபத்தைந்து ஆள் வேண்டும் என்று கேட்டபோது, தண்டவாளக் கூலிகளை மேய்க்கும் மண்டோர் பக்கிரிசாமி தன் கேங் ஆட்களையே கூட்டிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமையில் தண்டவாளத்துக்குப் பதில் நிலா, அவ்வளவுதானே என்றானாம். கனகசபை வேடிக்கை பார்க்கப் போனவர். ஆறடி உயரத்தைக் கண்ட டைரக்டர் அவர் தோளில் கை போட்டு, நீதான் கிரகத்து ராஜா என்று சைகையால் சொல்லிவிட்டார். எத்தனை மேட்னி பார்த்த மனுஷன்! மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா?

மூன்று ஞாயிறு படப்பிடிப்பு. அரசாங்க ஊழியன் அனுமதியில்லாமல் வெளிவேலை பார்த்தால் கடிதம் வரும் என்ற பயத்தில், படத்தில் தன் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வீட்டிலும் சொல்லவில்லை. மேல்நாட்டு அதிகாரி வருகிறார், சிக்னல் மரத்துக்கெல்லாம் சாயம் பூசுகிறோம் என்று மனைவி குணபூசணியிடம் ஒரு பொய் சொன்னார். ஆயுசுக்கும் அவர் சொன்ன ஒரே பெரிய பொய் அது. காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வெள்ளிச் சாயத்தை அந்த அம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டாள். கார்டு ஏன் மரத்துக்குச் சாயம் பூசவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கணவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள்.

ராஜாவின் தலை லாரி டியூபில் வெட்டியது. கண் இரண்டும் தேத்தண்ணீர் வடிக்கிற வடி. கிரீடம் இடியப்பத் தட்டு. மூன்றாம் ஞாயிறு பெரிய சண்டைக் காட்சி. ராஜா ஒற்றைக் கையைத் தூக்கி முன்னால் வீசவேண்டும். இருபத்தைந்து பேரும் பாய்ந்து போய்க் கதாநாயகனைக் கொல்லவேண்டும். கேமராவைத் தள்ளுவண்டியில் வைத்து, மணலில் இரும்புக் குழாயால் தண்டவாளம் போட்டிருந்தார்கள். கனகசபை கையை வீசினார். படை பாய்ந்தது. அதே நேரம் கேமரா வண்டி பக்கவாட்டில் உருள ஆரம்பித்தது.

வடிக்கண்ணின் ஓட்டை வழியாக அவர் பார்த்தது படத்தையல்ல. தண்டவாளம் ஒன்று, அதில் வண்டி ஒன்று வருகிறது, இருபத்தைந்து கேங் ஆட்கள் பாதையைக் குறுக்கே கடக்க ஓடுகிறார்கள். பதினாறு வருஷக் கார்டின் இரண்டு கையும் தானாக மேலே போயின. கொடி இல்லாத நேரத்தில் ரயில்வேக்காரன் ஆபத்து, நில் என்று சொல்லும் சைகை அது. பக்கிரிசாமியின் ஆட்களுக்கு அந்தச் சைகை சோற்றோடு ஊட்டியது. தூக்கிய கால் தூக்கியபடி இருபத்தைந்து பேரும் ஆணியடித்தாற்போல் நின்றார்கள். வண்டி அவர்கள் மூக்குக்கு முன்னால் மெதுவாக உருண்டுபோனது.

டைரக்டர் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். மறுபடி எடுக்கப் படச்சுருள் மிச்சமில்லை. கொஞ்ச நேரம் குட்டைக் கரையில் குந்தியிருந்தவர், எழுந்து வந்து கதையை மாற்றிவிட்டார். கொடுங்கோலன் ராஜா, கடைசி நொடியில் மனம் இளகிப் படையை நிறுத்திய ராஜா ஆனான்.

அடுத்த வருஷம் படம் கிள்ளானுக்கு வந்து நாலே நாள் ஓடியது. அந்த நாலு நாளும் கனகசபைக்குத் தெற்கே தூரத்துக் கெமாஸ் ஸ்டேஷனில் மாற்று வேலை. திரும்பி வந்தபோது சுவரில் வேறு போஸ்டர் ஒட்டியாயிற்று. ஆக, தான் நடித்த ஒரே படத்தை அவரே பார்க்கவில்லை. அன்றைக்கு மனம் பொறுக்காமல் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். அவளோ சிக்னல் மரத்துச் சாயத்தை நம்பினவள், ராஜாவை நம்பவில்லை. சாட்சிக்கு ஆளும் இல்லை. கேங் ஆட்கள் நாலு திசைக்கும் மாற்றலாகிவிட்டார்கள். மிச்சமிருந்தவன் பக்கிரிசாமி. அவனோ கோலாலம்பூர் ஸ்டேஷன் மூன்றாம் பிளாட்பாரத்தில் புலியைக் கண்டேன் என்று சாதிக்கிறவன்.

தொண்ணூற்று நாலில் கனகசபை பென்ஷனுக்குப் போனார். பிரியாவிடைத் தேநீர் விருந்தில், நன்றி சொல்ல எழுந்தவர் வாய் சும்மா இருக்காமல் ராஜா கதையை எடுத்துவிட்டார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மகள் சந்திரகலாவுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையின் தகப்பனாரும் அங்கே இருந்தார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் குணபூசணியைச் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். “கலியாணம் முடியுமட்டும் உந்தக் கதையை வாயில எடுக்காதேங்கோ. சம்பந்தி வீட்டாக்கள் உங்களைப் பொய்யர் எண்டு நினைக்கப் போகினம்.”

முப்பத்தைந்து வருஷம் நிமிஷக் கணக்குப் பிசகாமல் எழுதிய மனுஷனைப் பார்த்துப் பொய்யர் என்ற சொல்! “படத்தைக் கொண்டுவந்து காட்டினா?” என்று மட்டும் கேட்டார் கனகசபை.

“காட்டுங்கோ. நானே ஊருக்குச் சொல்லுறன்.”

அன்றுமுதல் அவருக்கு அதுவே வேலை. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், சுபாங் ஜெயா என்று வீடியோ கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். படப்பிடிப்பில் பலகையில் எழுதியிருந்த பெயரைச் சொல்லிக் கேட்டார். அப்படி ஒரு படமே இல்லை என்றார்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிள்ளானில் சலாவுதீன் என்பவனின் வீடியோ கடைக்குப் போனார். இந்திப் படமும் தமிழ்ப் படமும் முன்வரிசையில். பின்னறையில், யாரும் கேட்காத பழைய விண்வெளிக் கேசட்டுகள் கூரைவரை. எல்லாம் அவனுடைய சொந்தச் சேகரிப்பு. கனகசபை படத்தின் பெயரைச் சொன்னார். அவனும் இல்லையென்று தலையை ஆட்டினான். அலுத்துப்போன மனுஷன் கடைசியாக, ராஜா இரண்டு கையையும் தூக்குவான், படை அப்படியே நிற்கும் என்றார்.

சலாவுதீன் கையிலிருந்த கேசட்டைக் கீழே வைத்தான். “அங்கிள், அந்தப் படமா? ஸ்கூல் பையனா இருக்கும்போது இங்கதான் பார்த்தேன் லா. அவ்ளோ நேரம் சிரிச்சிக்கிட்டிருந்த தியேட்டர், அந்த சீன்ல கப்சிப்னு ஆயிருச்சி. அந்த ஒரு சீனுக்காகத்தான் நான் இந்தக் கேசட்டெல்லாம் சேர்க்கவே ஆரம்பிச்சேன்.” ரிலீசாகும்போது பெயரை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினான். அந்த ராஜா தன் எதிரிலேயே நிற்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. கனகசபை கேசட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ரயிலேறினார்.

ஞாயிறு மத்தியானம் வீடியோ டெக்கில் கேசட்டைப் போட்டார்கள். குணபூசணி, சந்திரகலா, கூப்பிடாமலே வந்த பக்கிரிசாமி. கனகசபை உட்காரவில்லை, கதவோரம் நின்றார். தன் பகுதியை வெட்டி எறிந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு. திரையில் மத்தாப்பு ராக்கெட் பறந்தது, நூல் மின்னியது, சந்திரகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராஜா வந்தான். குரல் வேறு யாரோ கொடுத்த குரல், சீன மொழி. முகம் லாரி டியூப்.

“அப்பா, இதுக்குள்ள யாரும் இருக்கலாமே” என்றாள் மகள், மெல்லிய குரலில்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. வெள்ளை மணலில் படை பாய்ந்தது. ராஜாவின் கைகள் மேலே போயின. இருபத்தைந்து உருவமும் உறைந்து நிற்க, கேமரா ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு நகர்ந்தது. சந்திரகலாவின் சிரிப்பு நின்றது. பக்கிரிசாமி எழுந்து, இடமிருந்து மூன்றாவது நான்தான் என்று திரையைத் தொட்டான். வழக்கம்போல அவனை யாரும் கவனிக்கவில்லை.

குணபூசணி முன்னால் சாய்ந்தாள். ராஜாவின் வலக்கை நேராக வானத்தைப் பார்த்து நின்றது. இடக்கை காதளவு வந்து, அதற்குமேல் போகாமல் மடங்கி நின்றது. இருபது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து பிசகிய தோள். அந்தக் கை அவ்வளவுதான் எழும்பும். குவார்ட்டர்ஸின் குசினி ஜன்னலிலிருந்து, வண்டி போகும்போதெல்லாம் கடைசிப் பெட்டியில் கொடியோடு எழும்பும் அந்தக் கையைப் பார்த்தவள் அவள்.

“இது இவர்தான்” என்றாள். பிறகு மகளின் பக்கம் திரும்பி, “எத்தனை வருஷம் அந்தக் கையைப் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்குத் தெரியாதோ?” என்றாள். பதினெட்டு வருஷம் தேக்கிவைத்த பெருமை கனகசபையின் கண்ணில் வந்து நின்றது. அதை அவர் துடைக்கவும் இல்லை.

கேசட்டை மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னாள். மூன்றாம் தடவை முடிந்ததும் எழுந்து வந்து அவர் காதுமடலை மடக்கிப் பின்னால் பார்த்தாள். “அப்ப நான் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சது ராசாவின்ர சாயத்தையோ?” என்று கேட்டாள். பொய் சொன்னதற்கு அன்று கொஞ்சம் வசவும் விழுந்தது. அதை அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தன்று பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி. சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கனகசபை மனைவியின் கட்டளைப்படி வாயைத் திறக்காமல் பாயசம் ஊற்றிக்கொண்டு போனார். குணபூசணி அவர் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தாள்.

“சம்பந்தி, இவர் படத்தில நடிச்சவர்” என்றாள், பந்திக்கே கேட்கும்படி.

கனகசபைக்குக் கூச்சமாகிவிட்டது. சின்ன வேஷம்தான் என்று இழுத்தார்.

“என்ன சின்ன வேஷம்?” அவள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. “ராசா வேஷம். படையையே நிப்பாட்டினவர். இவராலதான் அந்தப் படத்தின்ர கதையே மாறினது. நான் என்ர கண்ணால பாத்தனான்.”