பேசாத ரெலிபோன் கேட்ட விலை

கல்லூரியில் கம்பியூட்டர் படித்து முடித்த கையோடு, கனடாவின் ஸ்காபரோவில் பெண்கள் அமைப்பொன்றுக்குச் சனிக்கிழமைகளில் உதவப் போனேன். வீட்டிலிருந்து சிறு தொழில் செய்யும் பெண்களுக்கு அதை வளர்க்க வழி சொல்வது வேலை. என் பங்குக்கு வந்தவர், வெக்ஸ்போர்ட் அடுக்குமாடி ஒன்றில் மட்டன் றோல் செய்து விற்ற ஓர் அன்ரி. பகலில் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். பக்கத்து மார்க்கம் நகரில் கலியாணங்களுக்குச் சாப்பாடு எடுத்துச் செய்யும் ஒரு பெண் கிழமைதோறும் அவரிடம் றோல் வாங்க யோசித்துக்கொண்டிருந்தார். விலை மட்டும் சரிவந்தால் அன்ரி தொழிற்சாலைக்கு முழுக்குப் போடலாம்.

நான் மூன்று குறைகளைக் கண்டேன். ஒன்று, வாங்குபவர் முகம் சற்றுச் சுருங்கினாலே அன்ரி விலையைக் குறைத்துவிடுவார். இரண்டு, பகலில் ரெலிபோன் எடுக்க ஆளில்லை. மூன்று, றோல் போவது பழைய சப்பாத்துப் பெட்டியில்; மூடியில் காலணிக் கடையின் பெயர். முதலாவதைத் திருத்தும் வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதில் இறங்கினேன். முதலில் அன்ரியின் குரலைப் போட்டுவிட்டு, கூப்பிடுபவரின் பேச்சை ரேப்பில் பதியும் மெசின் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தேன்.

"நான் இப்ப வீட்டிலை இல்லை எண்டு சொல்லுங்கோ அன்ரி."

"உமக்கென்ன விசரே பிள்ளை? யாவாரம் செய்யிற வாயாலை இல்லை எண்டு சொல்லுறதே?"

அரை மணி நேரம் வாதாடித் தோற்றேன். அன்ரி பதிந்தது இது: "ஓம், நான்தான். நிக்கிறன். சொல்லுங்கோ."

அடுத்த சனிக்கிழமை கதவிலேயே மறித்தார். "மார்க்கத்து அக்கா மூண்டு தரம் ரெலிபோன் எடுத்திருக்கிறா. ரேப்பிலை ஒரே கோவம், நான் முழுக்கக் கேக்கேல்லை. எல்லாம் போச்சு."

ரேப்பைப் போட்டுக் கேட்டேன்.

"தங்கச்சி, ஒரு றோல் ஐம்பது சதத்துக்குப் போடுவீரோ?" அமைதி. "ஏன் பேசாமல் நிக்கிறீர்? குறைவே? சரி, அறுபது." மெசின் கீச்சிட்டு நின்றது.

இரண்டாவது அழைப்பு. "கதைச்சுக்கொண்டிருக்கேக்கை ரெலிபோனை வைச்சுப்போட்டீர் என்ன? உவ்வளவு தலைக்கனமே உமக்கு! எழுபது."

மூன்றாவது. "நிக்கிறன், சொல்லுங்கோ எண்டு நல்லாத்தான் தொடங்குறீர். பிறகு கல்லு மாதிரி. எண்பது! உதுக்கு மேலை ஏலாது. சம்மதமெண்டால் எடும்."

"நான் ஐம்பதுக்கே ஓம் சொல்லியிருப்பன்," என்றார் அன்ரி, வாயில் கை வைத்தபடி.

"இப்ப எடுத்து ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒரு சொல்லும் வேண்டாம்."

எடுத்தார். "ஓம் அக்கா," என்றார். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது: தன் செலவுகள், மண்டபக்காரனின் அநியாயம், முழங்கால் நோ. அன்ரியின் முகம் இளகியது. "உங்களுக்கெண்டபடியால்..." என்று தொடங்கினார். விலை குறைக்குமுன் எப்போதும் சொல்வது அது. தட்டில் இருந்த றோல் ஒன்றை எடுத்து அவர் வாய்க்குள் வைத்தேன்.

அன்ரி மென்றார். மறுமுனையிலும் சத்தமில்லை. பிறகு பெருமூச்சு.

"சரி தங்கச்சி, பெட்டிக் காசும் நானே தாறன். இனிக் காணும்!"

"ம்," என்றார் அன்ரி, வாய் நிறைய.

ரெலிபோனை வைத்துவிட்டு முழுதாக விழுங்கினார். கொஞ்சம் யோசித்தார்.

"திங்கள் ஃபக்டரிக்கு நீரே எடுத்து, அன்ரி இனி வரமாட்டா எண்டு சொல்லும் பிள்ளை. நான் எடுத்தால் இன்னும் ஒரு மாதம் வாறன் எண்டு சொல்லிப்போடுவன்."