நிழலில் உலர்த்தவும்

மணவூர் ரயில்பாதை பின்னால் மறைந்த பிறகுதான் பையைத் தோள் மாற்றினேன். உள்ளே ஆறு பொட்டலம் நுண்ணுயிர் உரம், ஈரத்துணியில் சுற்றியது. காலையில் நானே அடைத்தவை. கிளம்பும்போது அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மணவூரில் ஒரு உரக் கொட்டகையில் ஏழு மாதம் வேலை. கரித்தூள் போன்ற பொடியில் நுண்ணுயிர் கலந்து பொட்டலத்தில் அடைத்து ஒட்டுவோம். வாரத்தில் இரண்டு நாள் நானே ஊர் ஊராகப் போய் விற்பேன். ஆறாவதோடு படிப்பை விட்டவன் நான். பொட்டலத்தின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை, கிளம்பிய வாரம்தான் முழுதாகப் படித்தேன். குளிர்ந்த இடத்தில் வைக்கவும். விதையில் கலந்தபின் நிழலில் உலர்த்தவும். எங்கள் சரக்கு தகரக் கூரையின் கீழ் வெந்துகொண்டிருந்தது. முதலாளியிடம் சொன்னேன். "உன் வேல ஒட்றது. ஒட்டு" என்றார். விட்டுவிட்டேன். வேலையை விடுவது எனக்குப் புதிதல்ல.

கொஞ்ச தூரம் நடை, பிறகு ஒரு செங்கல் லாரி. மதியம் தாண்டி கே.ஜி.கண்டிகையில் இறங்கினேன். ஊர் ஓரம் தார் ரோட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் விதைக் கடலையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பருப்பெல்லாம் கறுப்பாக இருந்தது. எங்கள் பொடி.

அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "தோ பாரு மாமா, பொட்டலம் வித்தவரு வந்துகினு கீறாரு."

"வரட்டும். போன பட்டத்துல இவரு கரித்தூளப் போட்டுதான் நோஞ்சான் செடியா புடுங்கனோம்" என்றார் அவர். என்னிடம் திரும்பி, "யோவ், எம் பொண்டாட்டி கெஞ்சறாளேன்னு இன்னொரு வாட்டி வாங்கிக் கலந்துட்டேன். செங்கல் சூளைக்காரன் மேல்மண்ணு கேட்டுகினு கீறான். நாளைக்கி காலைல அளக்க வரான். உன்னால எனக்கு நம்பிக்க வந்தாதான் நெலம் தப்பும்."

ஒன்றரை ஏக்கர். மூன்றடி மண்ணை வெட்டிக்கொண்டு போய்விட்டால் அங்கே பிறகு புல்லும் ஒழுங்காக வராது. அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குனிந்து பருப்பைத் தொட்டேன். சுட்டது.

"அக்கா, இதுல இருந்த உயிரெல்லாம் செத்துப்போச்சி."

அவர் சிரித்துவிட்டார். "கரித்தூளுக்கு சாவு சொல்ல வந்தியா?"

"வெதன்னா வெயில்ல காட்றதுதானே?" என்றாள் அவள். அந்தப் பக்கத்தில் நெல், கொள்ளு, மிளகாய் எல்லாம் ரோட்டில்தான் காயும். விதைக்குக் காட்டும் மரியாதையே வெயில்தான்.

"இதுக்கு நெழல்தான்க்கா. பின்னால எழுதிக்கீது. நானே இந்த வாரந்தான் படிச்சேன்."

"படிக்காமயே ஊரெல்லாம் வித்தியா?"

"ஆங்ணா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போன பட்டத்துல வேர்ல முண்டு முண்டா இருந்திச்சா?" என்று கேட்டேன். இல்லை, துடைப்பக்குச்சி மாதிரி இருந்தது என்றார். அவர்கள் வீட்டுப் பின்புறம், குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு காராமணிக் கொடி இருந்தது. பிடுங்கிக் காட்டினேன். வேர் முழுக்க கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே சிவப்பு.

"இதுக்குள்ள இருக்கற உயிருதாண்ணா வேல செய்யறது. பொட்டலத்துல இருக்கறதும் இந்த மாதிரிதான். காத்துல இருக்கற சத்தப் புடிச்சி செடிக்குக் குடுக்கும்."

அவர் இன்னொரு முடிச்சைத் தானே கீறிப் பார்த்தார். அப்புறம் மூன்றாவது. "மாமா, கொடிய முழுசா அழிச்சிடாத. கொழம்புக்கு வேணும்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே ரோட்டுக் கடலையை வாரி வந்து, ஈரத்துணியில் சூடு படாமல் இருந்த என் பொட்டலங்களைப் பிரித்தோம். பொடி ஒட்டுவதற்கு அரிசிக் கஞ்சி காய்ச்சினாள். காய்ச்சிய கையோடு ஊற்ற வந்தவளைத் தடுத்து, பானையைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்தேன்.

"சூட்லயும் சாவுமா?" என்றார் அவர்.

"சாவும்ணா."

"வெயிலும் ஆவாது, சூடும் ஆவாது. மாப்பிள்ள வூட்டுக்காரன் மாதிரி கீதே!"

கஞ்சி ஆறியதும் கலந்து, மாட்டுக்கொட்டகை நிழலில் சாக்கு விரித்துப் பரப்பினோம். விதை தப்பிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கு இருந்தது. தூங்கப் போகும் முன் இரண்டு தரம் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

காலையில் சூளைக்காரர் டேப்போடு வந்தார். அவர் வரப்பில் கால் வைப்பதற்குள் இவர் ஏரில் மாடு பூட்டி நின்றார்.

"இந்தப் பட்டம் இல்லப்பா. கடலக் கொட்ட போடறோம். வேரப் புடுங்கிப் பாத்துட்டு சொல்றேன்."

"அப்பறம் வந்து நிக்காத" என்று சொல்லிவிட்டு சூளைக்காரர் வண்டியைத் திருப்பினார்.

இவர் என் பக்கம் பார்த்தார். "நீ எங்கியும் போவாத. முண்டு தெரிய எத்தினி நாளு?"

"ஒரு மாசம்ணா."

"ஒரு மாசம் இங்கியே வேல செய். வெறும் வேரா வந்தா, சூளைல கல்லறுக்க உன்னத்தான் அனுப்புவேன்."

ஒரு மாதம் இரு என்று யாரும் எனக்கு நாள் குறித்ததில்லை. சரி என்றேன். அந்த அம்மாள் விதைக்கூடையை என் கையில் கொடுத்தாள். ஏருக்குப் பின்னால் விதை போடுவது அங்கே பெண்கள் வேலை. பக்கத்துச் சாலில் விதை போட வந்து நின்ற ஒருத்தி, "பாத்து போடு நைனா, ஒரே எடத்துல கொட்டிடாத" என்று சிரித்தாள். நான் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஏர் கிழித்த ஈரச் சாலில் சாணுக்கு ஒன்றாக விதை போட்டபடி மாடுகளின் பின்னால் நடந்தேன்.